மை இல்லாத கைநாட்டு

"…அந்த ஹால்ல சொல்லிக்குடுத்ததை அங்கயே வெச்சிட்டு வாங்கக்கா. தறி நிக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நான்தான் உள்ள போயி பதில் சொல்லணும்."

பின்கட்டில், வெந்நீர் அடுப்பருகே நின்று அந்தத் தறிக்கார வீட்டுப் பெண் இதை என்னிடம் சொன்னாள்.

பட்டுத்தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பது என் வேலை. எனக்கு வாயும் நீளம், காதும் நீளம். ஜனங்கள் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். புருஷன் அடித்தான் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. "நேத்து வூட்ல கொஞ்சம் சத்தமாப் போச்சி" என்பார்கள். இவள் அதைக்கூடச் சொன்னதில்லை. கையில் பட்டையைச் சுற்றும்போது, முழங்கைக்கு மேலே நீலம் பாரித்திருந்ததை நான்தான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான், அடிபடுகிற பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த மேடம் நல்ல மாதிரி. "ஏன் அடிச்சாருன்னு கேக்காதீங்க, என்ன ஆச்சுன்னு கேளுங்க. தனியா வெச்சுப் பேசுங்க" என்றார்.

"தனியாவா? எங்க தெருவுல பல்லிகூட தனியா இருக்காது மேடம்!" என்றாள் என்னோடு வேலை செய்கிறவள். ஹாலே சிரித்தது.

மேடமும் சிரித்துவிட்டு, "ஏதாவது காரணம் சொல்லி வெளிய கூப்பிடுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அங்கே பாதிப் பேர் தறிக்கார வீட்டுப் பெண்கள். அதில் இருக்கிற சிக்கல் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

கரையைத் தனி நிறத்தில் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவை என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடல் நெய்ய ஒருவர், பக்கத்துக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ள இன்னொருவர். இவள் வீட்டில் உடலுக்குப் புருஷன், கரைக்கு இவள்; இவள் எழுந்தால் தறியே நின்றுவிடும்.

பயிற்சி முடிந்து அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "புது பிரஷர் அட்டைக்குக் கைநாட்டு வைக்கணும், கொஞ்சம் வாம்மா" என்றேன்.

தறி நின்றது. எதிர்வீட்டுக்காரி உடனே எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, உங்க தறி நின்னுப்போச்சி?"

"இன்னாக்கா, கைநாட்டை இங்கயே வைக்கக்கூடாதா?" தறிக்குழியை விட்டு எழாமலே புருஷன் கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"மை ஒட்டிக்கினா பட்டு வீணாப்பூடும்பா" என்று சமாளித்தேன்.

பின்கட்டுக்கு வந்ததும், பயிற்சிக்குப் போனதைச் சொல்லி, கற்றபடியே கேட்டேன். "கையில என்ன ஆச்சும்மா? தங்க இடம் இருக்குது. போன் பண்ணா வண்டி வரும்." குரலை எவ்வளவு தாழ்த்தினாலும் போதவில்லை. தறிச் சத்தம் நின்ற வீட்டில் நாங்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்போல் இருந்தது. அப்போதுதான் அவள், ஹாலில் கற்றதை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

"ஆச்சாடி?" உள்ளேயிருந்து குரல் வந்தது. இப்போது அதில் சிரிப்பு இல்லை.

அவள் என் பையைப் பார்த்தாள். "மை எடுத்தாந்தீங்களாக்கா?"

இல்லை. ரத்த அழுத்த மிஷினும் பயிற்சியில் கொடுத்த பேனாவும்தான் இருந்தன.

அவள் குனிந்து, வெந்நீர்த் தவலையின் அடிக்கரியில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தாள். அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.