விண்டோஸ் போடாத சஜி சார்

சாலைக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த அரசுப் பள்ளியில் சஜி என்ற பெயரில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மைதானத்தில் விசிலோடு நின்றவர் டிரில் சஜி. அலுவலகத்தில் இருந்தவர் பியூன் சஜி. கம்ப்யூட்டர் அறையில் இருந்தவரைப் பிள்ளைகள் முதலில் ஐ.டி. சஜி என்றுதான் சொன்னார்கள். அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு லினக்ஸ் சஜி ஆக்கிவிட்டார்கள்.

கேரளத்து அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டரை இயக்குவது கம்பெனிக்காரனின் விண்டோஸ் அல்ல, யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ்தான். மற்ற ஆசிரியர்களுக்கு அது தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி எந்தக் கம்பெனி என்பதைப் போன்ற சங்கதி, சுற்றினால் போதும். சஜிக்கு அப்படியில்லை. நம் வீட்டுப் பூட்டுக்கு வேறொருவன் சாவி வைத்திருப்பதா என்று கேட்பார். விடுமுறைகளில் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பார். பாறசாலைக்காரர், வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், சர்ச்சில் இரண்டும். மூன்று இடத்திலும் இதே பேச்சுதான்.

மனைவி ஜிஜி நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போனாள். மகள் லிபியையும் பின்னாலேயே கூட்டிக்கொண்டாள். சஜியும் போவதாகத்தான் ஏற்பாடு. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தடவை போய்ப் பார்த்தார். அந்தக் குளிரில், ஜிஜி டியூட்டிக்குப் போன பிறகு, சோறு வடித்து, லிபியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே அவரை யாரும் சார் என்று கூப்பிடவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது, புதிய பாடத்திட்டம் வருகிறது, நானில்லாமல் அங்கே எல்லாவற்றையும் விண்டோஸுக்கு மாற்றிவிடுவார்கள் என்று காரணம் சொல்லிக் கிளம்பி வந்துவிட்டார். யாரும் எதையும் மாற்றுவதாக இல்லை. அது ஜிஜிக்கும் தெரியும்.

விவாகரத்து என்றெல்லாம் இல்லை. யாராவது விசாரித்தால், "ஜிஜி அங்க, நான் இங்க" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

லிபியோடு போனில் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போன ஒரு வருஷத்தில்தான் அந்தக் கருவியை வாங்கினார். கையில் பிடித்து விளையாடுகிற கம்ப்யூட்டர். டிபன் பாத்திர மூடியைவிடக் கொஞ்சம் நீளம், இரண்டு பக்கமும் பொத்தான்கள். வரும்போதே லினக்ஸோடு வந்தது. சஜிக்கு அதுதான் விசேஷம். வாங்கிய வாரமே லினக்ஸ்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் நீளமாக எழுதிப் போட்டார். விண்டோஸ் போட்ட கையடக்கக் கருவி என்பது வேட்டியை மடித்துக் கட்டியவனுக்கு கோட் மாட்டிவிட்டதைப் போல, அந்தச் சின்னத் திரையில் அந்தச் சின்னச் சின்னப் படங்களைத் தொட மனிதனுக்கு ஈர்க்குச்சி விரல்தான் வேண்டும், பாதி விளையாட்டில் 'அப்டேட்' என்று வந்து நிற்கும் என்றார். இதிலோ ஒரு பொத்தானை அமுக்கினால் ஆட்டம் நின்ற இடத்தில் உறங்கும், மறுபடி அமுக்கினால் அங்கேயே விழிக்கும். விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டுகளும் ஓடும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் உட்கார்ந்திருக்கிறான், தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நமக்காக மலையாளத்தில் பேசுகிறவனைப் போல, விளையாட்டுக்குத் தான் வேறு வீட்டில் இருப்பதே தெரியாது என்று முடித்திருந்தார். நிறையப் பேர் கைதட்டினார்கள்.

லிபிக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அங்கே மதியம், இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டில் தீவு கட்டினார்கள். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, படகுத்துறை போடுவது. அப்போதுதான் சஜி அதைக் கண்டுகொண்டார்: கைக்கு வேலை இருந்தால் லிபியின் வாய் திறக்கும். போனில் 'ம்' என்பதற்கு மேல் வராத பெண், படகுக்குப் பலகை அடித்துக்கொண்டே, டீச்சர் ஒருத்தி தன் பெயரைத் தப்பாகச் சொல்வதையும், அம்மா நைட் டியூட்டி முடிந்து வந்து சோபாவிலேயே உறங்கிவிடுவதையும், தன் பல்லுக்குக் கம்பி கட்டப் போவதையும் சொல்வாள். மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தீவில் வைத்துத் தெரிந்ததுதான்.

பதிமூன்று வயதானதும் லிபி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

"அப்பா, இது சின்னப் பிள்ளைங்க ஆடுத கேம். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஆஷ்லைன் கேமுக்குப் போயாச்சு. நாலு பேர் வேணும், நாங்க மூணு பேருதான் இருக்கோம். நீங்க வாறீங்களா?"

"உன் கூட்டுக்காரிங்க கிழவன் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களா?"

"கேட்டாச்சு. உங்க அப்பா கேம் ஆடுமான்னு சிரிச்சாங்க. பின்ன ஓகே சொன்னாங்க."

சஜி அன்று சர்ச் மாலை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆனால் ஆஷ்லைன் அவர் கருவியில் திறக்கவில்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அது. யாரும் கள்ளாட்டம் ஆடாமல் பார்த்துக்கொள்ள அதனுள்ளே புரோகிராம் வடிவில் ஒரு காவல்காரன் உண்டு. கம்ப்யூட்டரின் அடிமடி வரைக்கும் கைவிட்டுத் தேட இடம் கொடுத்தால்தான் கதவைத் திறப்பான். லினக்ஸைப் பார்த்தால் எதுவும் கேட்காமலே கதவை அடைத்துவிடுவான்.

கரமனை அக்ரகாரத்து மஹேஷ் இவருக்குக் கல்லூரி நாளிலிருந்து சிநேகிதன். டெக்னோபார்க்கில் வேலை. கிழக்கேகோட்டையில் டீ குடிக்கும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே? விண்டோஸைப் போடுடா. ஒரு மணி நேர வேலை."

"போட மாட்டேன்டே."

"ஏன், ஆபீஸ்ல நான் தினம் அதுலதானே சாப்பிடறேன், செத்தா போயிட்டேன்?"

"கேம் ஆடுததுக்கு என் மெஷினோட குடலை வரைக்கும் அவனுக்குக் காட்டணுமா? நான் போன மாசம் நூறு டீச்சர்மாருக்கு முன்னால நின்னு என்ன பேசினேன் தெரியுமா?"

"அந்த நூறு பேரும் ஆத்துக்குப் போய் விண்டோஸைத்தான் திறந்திருப்பா. லிபி கூப்பிடறா. அதைப் பாரு."

"லிபி கூட ஆடுவேன். விண்டோஸ் போடாம ஆடுவேன். வழி இருக்கு, கேட்டியா."

வழி இருக்கத்தான் செய்தது. வீட்டில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில், லினக்ஸுக்கு உள்ளேயே பொய்யாக ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் ஒரு விண்டோஸை அடைத்து, அங்கே ஆட்டத்தை ஓடவிட்டு, படத்தை மட்டும் கையடக்கக் கருவிக்குக் கொண்டுவருவது. பொய்க் கம்ப்யூட்டர் என்று காவல்காரனுக்குத் தெரியக்கூடாது. அதற்கு அங்கங்கே அடையாளங்களை மறைக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்று லிபியிடம் சொல்லிவிட்டுப் பள்ளி விட்டு வந்ததும் அதிலேயே கிடந்தார்.

"அப்போ உள்ளே இருக்கறது விண்டோஸ்தானேடா?" என்றான் மஹேஷ் போனில்.

"கூட்டுக்குள்ள கிடக்குத புலியும் வீட்டுல வளக்குத புலியும் ஒண்ணா?"

"ரெண்டும் கடிக்கும்."

சஜி சிரித்தார். மனசு இலகுவாக இருந்த நாட்கள் அவை. உண்மையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியத்தை இரண்டு வாரம் இழுத்தாலும் தன் வழியில் முடிப்பதில்தான் அவருக்கு ருசி. லினக்ஸ்காரர்கள் எல்லாருக்குமே அது உண்டு. சஜிக்கு இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜிஜியை விட்டு இங்கே வந்து உட்கார்ந்ததற்கு அவர் சொன்ன காரணமே இந்த விண்டோஸ்தான். இதுவும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடக்கூடிய விஷயம் என்றால், அந்தக் காரணத்துக்கு என்ன மரியாதை?

ஆட்டத்தை விலைக்கு வாங்கும் முன்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. விளையாட்டுகளை விற்கும் ஆன்லைன் கடையில் அவரும் ஜிஜியும் லிபியும் ஒரே குடும்பமாகப் பதிந்திருந்தார்கள். ஒருவர் வாங்கியதை மற்றவர் எடுத்து ஆடலாம், ஒருவர் ஆடாத நேரத்தில். வீட்டுக் குடை மாதிரி. சனிக்கிழமை லிபி நீச்சலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவளுடைய ஆஷ்லைனை எடுத்துத் திறந்தார். காவல்காரன் வந்தான், பார்த்தான், விட்டுவிட்டான். சஜி ஒரு எரிந்த ஊருக்குள் ஓடினார், ஒரு மாடியில் ஒளிந்தார், யாரோ சுட்டதில் செத்தார். மறுபடி ஓடினார். ஆனந்தத்தில் எழுந்து தனியாக வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தார்.

குடும்பத்தில் ஒருவர் கள்ளாட்டம் ஆடினால் பொருளுக்கு உடையவரும் தண்டனைக்குள்ளாவார் என்ற விதியை அவர் படித்திருந்தார். நல்ல விதி என்றுகூட நினைத்திருந்தார். தான் கள்ளாட்டம் ஆடவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கருவியைத் திறந்தபோது அவர் பெயருக்கு நேராகச் சிவப்பில் ஒரு வரி இருந்தது. அதை முழுதாக வாசிப்பதற்குள் போன் அடித்தது.

"அப்பா, நீங்க என்ன செய்தீங்க?"

"என்ன மோளே?"

"என் அக்கவுண்டைத் தடை பண்ணியாச்சு. சீட்டிங்காம். பெர்மனென்ட். என் ஃப்ரெண்ட்ஸ் ஓர்லா, நீவ் ரெண்டு பேரும் லைன்ல இருந்தாங்க. என் பேருல அது வந்ததை ரெண்டு பேரும் கண்டாங்க. நாளைக்கு ஸ்கூல் முழுக்கத் தெரியும்."

"நான் கள்ளத்தனம் ஒண்ணும் செய்யல்ல மக்ளே. ஒரு மெஷினுக்குள்ள இன்னொரு மெஷினை வெச்சா, அது வெளியில தெரியாம இருக்க..."

விளக்கினார். ஒன்பதாம் வகுப்புக்கு விளக்குவதைப் போல, படிப்படியாக, எங்கே தப்பு நடந்திருக்கும் என்று தனக்கே தெளிவாகும்படி விளக்கினார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் கேட்கிறாளா என்று பார்த்தார்.

"லிபீ?"

"விண்டோஸ் போட்டிருந்தா ஓடியிருக்குமா அப்பா?"

"ஓடியிருக்கும்."

"பின்ன ஏன் போடல்ல?"

இந்தக் கேள்விக்கு அவர் ஆசிரியர்களிடமும் எஞ்சினியர்களிடமும் மணிக்கணக்கில் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில்களில் ஒன்றுகூட அந்தப் பெண்ணிடம் சொல்லக்கூடிய அளவுக்குச் சின்னதாக இல்லை. அவள் அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினார். தவறு என்னுடையது, மகளுக்குத் தெரியாது, அவளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியே எழுதினார். பரிசீலித்தோம், முடிவு இறுதியானது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மனிதர் யாரும் அதை எழுதியதாகத் தெரியவில்லை.

ஜிஜி கூப்பிட்டாள். சண்டைக்கு வந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"இஞ்ச பாருங்க, அந்த ரெண்டு பிள்ளைங்களை வெச்சுத்தான் அவளுக்கு இந்த ஊருல இருப்பு. இப்ப அதுங்க இவளைப் பார்த்துச் சிரிக்குது."

"வேற அக்கவுண்ட் போட்டுக் கொடுக்கலாம். நான் கேம் வாங்கிக் கொடுக்கேன்."

"நான் வாங்கிக் கொடுத்தாச்சு. நீங்க இங்க நிக்காம போனீங்க. குளிரு, வேலையில்ல, சரி, அதுகூட எனக்கு மனசிலாச்சு. இது ஒரு மணி நேர வேலைன்னு லிபி சொல்லுகா. நெசமா?"

"ம்."

"ஒரு மணி நேரம்கூட வளைய மாட்டீங்க, இல்லியா?" என்றாள். கோபமில்லை. யாரோ தூரத்து உறவுக்காரரின் குணத்தைச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

அந்த வாரமே கையடக்கக் கருவியில் லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டார். பழக்கமில்லாததால் ஒரு மணிக்குக் கொஞ்சம் கூடுதல் ஆனது. புதுப் பெயரில் கணக்குத் தொடங்கி, ஆஷ்லைனை வாங்கி, லிபிக்கு நட்பு அழைப்பு அனுப்பினார். மறுநாள் ஏற்றுக்கொண்டாள். ஞாயிறு ஐந்து மணிக்கு, "வந்தாச்சு மக்ளே" என்று எழுதினார்.

'சாரி அப்பா. இப்ப நாலு பேர் ஆயாச்சு. ஓர்லாவோட கசின் வந்தான்.'

'பரவாயில்ல. நம்ம தீவுக்குப் போவமா, சும்மா?'

'ஹோம்வர்க் இருக்கு.'

அடுத்த ஞாயிறும் ஏதோ இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு அவர் கேட்கவில்லை.

ஃபேஸ்புக் குழுவில் யாரோ, பிள்ளைகளோடு ஆட எந்தக் கையடக்கக் கருவி நல்லது, சஜி சார் சொல்லட்டும் என்று கேட்டிருந்தார். 'உங்கள் பிள்ளை எதை வைத்திருக்கிறதோ அது' என்று எழுதினார். சாருக்கு என்ன ஆச்சு என்று நாற்பது பேர் கேட்டார்கள். ஒருவன் அவருடைய பழைய கட்டுரையை எடுத்து அடியில் ஒட்டினான். மஹேஷ் கூப்பிட்டு, "மதம் மாறிட்டியாமே, ஊரெல்லாம் பேச்சு" என்றான். தானே சிரித்துவிட்டு, "சரி, விடு. இப்போ லிபியோட ஆடறியோல்லியோ?" என்றான்.

"அவங்களுக்கு ஆளு நெறைஞ்சு போச்சுடே."

கிழக்கேகோட்டைக்கு டீ குடிக்க வா என்றான் மஹேஷ்.

ஆட்டம் இல்லாவிட்டாலும் நண்பர் பட்டியலில் லிபியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வரும், அவள் கம்ப்யூட்டரைத் திறந்திருந்தால். பள்ளி விட்டு வந்ததும் சஜி கருவியைத் திறந்து மேசைமேல் நிறுத்தி வைப்பார். பள்ளி நாளில் புள்ளி இங்கே இரவான பிறகுதான் வரும். அங்கே நடுப்பகலாக இருக்கும்போதே வந்தால் விடுமுறை, அல்லது காய்ச்சல். பரீட்சை வந்தால் ஒரு வாரம் வராது. பேப்பர் திருத்திக்கொண்டே அதைப் பார்த்துக்கொள்வார். ஒன்றும் எழுதி அனுப்புவதில்லை.

டிசம்பரில் ஒரு நாள் புள்ளி வரவில்லை. மறுநாளும் இல்லை. பரீட்சை இல்லை, கிறிஸ்துமஸ் லீவு. பயந்துபோய் ஜிஜிக்குப் போன் போட்டார்.

"லிபிக்குச் சுகமில்லியா?"

"நல்லா இருக்காளே. இந்தா, பக்கத்து ரூம்ல கேம்தான் ஆடிட்டிருக்கா, காது கேக்கல்லியா சத்தம்?"

கேட்டது. நான்கைந்து பிள்ளைகளின் கூச்சல், நடுவில் லிபியின் சிரிப்பு. திரையைப் பார்த்தார். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. தான் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க ஒரு வசதி உண்டு, இரண்டு தடவை தட்டினால் முடிகிற காரியம். அதைப் போய் இவர் யாரிடம் விசாரிக்க?

"ஏன், என்ன விஷயம்?" என்றாள் ஜிஜி.

"ஒண்ணுமில்ல. ஹாப்பி கிறிஸ்துமஸ் சொல்லத்தான்."

"அதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கே."

"ஆமா" என்றார் சஜி. மறுமுனையில் அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை கேட்குமா என்று போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். ஜிஜி அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.