கிடங்கில் பன்னிரண்டு நிமிடம்

புகாரா பட்டு ஆலையில் ஹொசியத் வேலை பார்த்தது ஜன்னலோரத் தொட்டியில். கொதிநீரில் மிதக்கும் பட்டுக்கூடுகளைக் கிளறி, நூல் நுனியைத் தேடியெடுத்து ராட்டையில் ஏற்ற வேண்டும். விடியுமுன் மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, இரண்டு மகள்களையும் எழுப்பி, சர்க்கரைக்கு வரிசையில் நின்று, சங்கு ஊதுவதற்குள் ஆலைக்கு ஓடி வருவாள். வேலை முடிந்தால் எழுத்தறிவு வகுப்பு. வகுப்பு முடிந்தால் ஏதாவது கூட்டம்.

தனக்கென்று அவள் ஒதுக்கி வைத்திருந்தது மதிய இடைவேளையில் பன்னிரண்டு நிமிடம்தான். மற்றவர்கள் தேநீருக்குப் போனதும் கூடுக் கிடங்குக்குள் நுழைந்து மூட்டைகளுக்கு நடுவே உட்காருவாள். நாக்கை அண்ணத்தில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள். உள்ளே போகும் மூச்சிலும் வெளியே வரும் மூச்சிலும் இறைவன் பெயரை மனத்துக்குள் மட்டும் சொல்வாள். உதடு அசையாது. அவள் தகப்பனார் வழியில் வந்த பழக்கம் அது. சோவியத் ஆட்சி பள்ளிவாசல்களைப் பூட்டிச் சாமான் அறைகளாக்கியிருந்த காலத்தில், பூட்ட முடியாத இடம் அது ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருட வெயில் காலத்தில் ஒரு நாள், அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு மூட்டை இருக்கைபோல் சாய்த்துப் போடப்பட்டிருந்தது. கீழே, யாரோ உட்கார்ந்து கொறித்துப் போட்ட சூரியகாந்தி விதைத் தோல். மறுநாள் தோல் இன்னும் அதிகமாகக் கிடந்தது. அவள் கண்ணை மூடினாள். பெயர் வரவில்லை. கதவுப் பக்கமே காது போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் அவள் கணவன் நஸ்ருல்லோ, தகரப் பாத்திரம் அடிப்பவன், அவள் சொன்னதைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"விட்டுடு ஹொசியத். ஆளப் புடிச்சுட்டுப் போயி நம்ம தெருவுலயே மூணு வீடு பூட்டிக் கெடக்கு."

"நான் என்னங்க பண்றேன்? மூச்சு விடுறேன்."

"அத வீட்டுல விடேன்."

"வீட்டுல ஏது நேரம்? உங்க மூத்தவ கத்துவா, அவ கத்துறான்னு சின்னவ கத்துவா."

அவன் சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் பக்கத்துத் தொட்டி மோஹ்லராய் குனிந்து கேட்டாள். இருபத்துமூன்று வயது. மூன்று மாதத்துக்கு முன் அவள் கணவனைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அக்கா, கிடங்குல போய் என்ன பண்றீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன். அவரு போனதுலேருந்து மண்டைக்குள்ள சத்தம் ஓயவே மாட்டேங்குது."

அந்த விதைத் தோல் இவள் போட்டதாக இருக்குமோ என்று ஹொசியத்துக்குச் சுருக்கென்றது.

"தூங்குறேன். உன் தொட்டியைப் பாரு."

மோஹ்லராய் தன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை வாசல் பக்கத்து அறையிலிருந்து ஹொசியத்துக்கு ஆள் வந்தது. உள்ளே, அவள் அறியாத ஒருவர். மேசைமேல் தட்டு நிறைய விதைத் தோல்.

"தினம் பன்னிரண்டு நிமிஷம். யாரைப் பார்க்கிறே?"

"யாரையும் இல்ல, தோழரே. சும்மா உக்காந்திருப்பேன்."

"என்ன யோசிப்பே?"

"ஒண்ணும் யோசிக்க மாட்டேன்."

"நானும் அங்க உக்காந்து பார்த்தேன். ரெண்டு நிமிஷம் தாங்கல." அவர் ஒரு விதையைக் கடித்தார். "சரி, உக்காந்துக்கோ. கிடங்கை யாரும் பூட்ட மாட்டாங்க. வியாழக்கிழமை மட்டும் இங்க வந்து, அந்த மோஹ்லராய் என்னென்ன பேசுறான்னு சொல்லிட்டுப் போ."

அன்று முதல் ஹொசியத் கிடங்குப் பக்கமே போகவில்லை. மறுநாள், ராட்டைகள் இரைந்து சுற்றும் நேரத்தில், நூலைவிட்டுக் கண் எடுக்காமல் மோஹ்லராயிடம் சொன்னாள்: "அன்னிக்கு ஒன்னத் தப்பா நெனச்சிட்டேன், தங்கச்சி. நாக்கை மேல ஒட்டிக்கோ. மூச்சோட சேர்த்து இறைவன் பேரைச் சொல்லு, மனசுக்குள்ள. கையை நிறுத்தாதே. கண்ணை மூடாதே."

எல்லோர் கண்ணெதிரிலும் இருவரும் அதைச் செய்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு வாரத்தில், மண்டைக்குள் சத்தம் அடங்கிவிட்டது என்றாள் மோஹ்லராய்.

அடுத்து வந்த மூன்று வியாழக்கிழமையும் ஹொசியத் ஒரே பதில்தான் சொன்னாள்: "ராட்டைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, தோழரே."

மூன்றாம் முறை அவர் எழுதக்கூட இல்லை. "பரவாயில்ல. நீ சொல்லலேன்னா சொல்றதுக்கு வேற ஆள் இருக்கு," என்றார்.

திங்கட்கிழமை மோஹ்லராயின் தொட்டியில் வேறொருத்தி நின்றாள். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹொசியத்தும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றது அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது; அன்று முழுக்க மூச்சு அந்தக் கல்லைத் தாண்டி இறங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துப் புதியவள் குனிந்து, நயமாகக் கேட்டாள்:

"அக்கா, இத்தனை இரைச்சல்லயும் முகம் இவ்வளவு அமைதியா இருக்கே. எப்படி அக்கா?"

"விரலைப் பாரு, வெந்துடும்," என்றாள் ஹொசியத். சொல்லி முடித்ததும் அவள் நாக்கு மறுபடி அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த ஆலையில் அவள் மேலும் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தாள். கிடங்கு கடைசிவரை திறந்தே கிடந்தது. மோஹ்லராய் திரும்பி வரவில்லை. ஹொசியத் தனியாக ஓரிடத்தில் கண் மூடி உட்கார்ந்ததை அதன் பின் அவள் மகள்கள்கூடப் பார்த்ததில்லை.