யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டே கால் இருக்கும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வருகிற சாலையில் நான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏன் அப்படிச் செய்தேன் என்று புரியாது.

நான் ஒன்பதாவதில் பாதியில் நின்றவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை. கடைசி செக்கிங் டேபிளில் நிற்கிறேன். முடிந்து வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ பசை வழிந்திருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். வேலை என்னை இப்படி ஆக்கியதா, இப்படி இருக்கிறதால்தான் இந்த வேலை கிடைத்ததா தெரியாது. எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். வண்டி எடுக்கும்போது டயரை அழுத்திப் பார்ப்பேன், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பேன், துப்பட்டாவுக்கு இரண்டு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகுவேன். ஹெல்மெட் வார் டக்கென்று சத்தம் போட்டால்தான் கிளம்புவேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எல்லாத்தயும் இவ்ளோ பாத்து வெச்சிக்கிறியே, கோர்ட்ல சாட்சி சொல்லப் போறியா?" என்று கேட்பார்.

என் வண்டியோடு நின்றால் பரவாயில்லை. ரோட்டில் போகிற எல்லா வண்டியும் என் கண்ணில் படும். யாருடைய ஸ்டாண்டாவது மடக்காமல் இருந்தால் துரத்திப் போய்ச் சொல்லிவிடுவேன். நம் ஊரில் எல்லோரும் செய்கிறதுதானே. ஒரு தடவை ஒருத்தர் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் புடவை சக்கரத்துப் பக்கம் பறந்ததைச் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார். அதிலிருந்து எனக்கு அதில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு முன்னால் ஒரு நீல நிற ஸ்கூட்டர் போனது. ஓட்டினது ஒரு அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் இருக்கும். ஹெல்மெட், காலுக்கு நடுவில் டிபன் பை. எங்களைப் போல ஏதோ ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவர் வண்டியின் இடது பக்கம், கீழே, இரும்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டை மடக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ரோடு இடது பக்கமாக வளைகிறது. வளைவில் வண்டி சாயும்போது ஸ்டாண்டு தரையில் இடித்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

ஹார்ன் அடித்தேன். நான் வழி கேட்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் ஓரமாகப் போனார். ஆடிக் காற்று, ஹெல்மெட் வேறு, கத்தினாலும் கேட்காது. வளைவு நெருங்குகிறது. நாற்பதுக்கு மேல் போகவே போகாத நான் அன்றைக்கு முறுக்கினேன். அவருக்கு வலது பக்கமாக ஒட்டிப் போய், இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, கீழே காட்டி, "அக்கா, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். அப்புறம் குனிந்து இடது பக்கம் பார்த்தார். அந்த ஒரு நொடிதான். முன் சக்கரம் தாரை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கியது. அவர் முன் பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். வண்டி இடது பக்கம் அப்படியே சரிந்தது.

நான் தள்ளாடிப் பத்தடி தள்ளி நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்துவிட்டு ஓடினேன். பின்னால் வந்த கம்பெனி வேன் நின்றது. அதிலிருந்த பெண்களும் டிரைவரும் இறங்கி வந்தார்கள். அக்காவின் ஹெல்மெட்டில் காதுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. வார் போட்டிருந்ததால் அது கழன்று போகவில்லை. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இடது கையை ஊன்றி விழுந்திருந்தார். மணிக்கட்டு பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

டிரைவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, "ஸ்டாண்டு போடும்மா" என்றார் என்னிடம். போட வேண்டியதே இல்லை, இறங்கித்தானே இருக்கிறது என்று குனிந்தேன். ஸ்டாண்டு ஒழுங்காக மேலே மடங்கியிருந்தது. விழுந்ததில் மடங்கியிருக்குமோ என்று மனசு சாக்குத் தேடியது. ஆனால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பின்னால், பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற தட்டு விரிந்து, நுனி தேய்ந்து பளபளவென்று இருந்தது. நான் பார்த்தது அதைத்தான். முதல் நாள் யாரையோ பின்னால் ஏற்றிப் போயிருப்பார், மடக்க மறந்திருப்பார். அது விரிந்தே இருந்தாலும் ஆபத்தில்லை; நான் கத்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் பாட்டுக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

வேனில் வந்த ஒரு பெண் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள்.

"யாரோ கூப்ட்ட மாதிரி இருந்திச்சி" என்றார் அக்கா.

நான் அவர் முகத்தில் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கை நின்றது. ஹெல்மெட் இல்லாத என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்தப் பெண், காலையில் சாப்பிடாமல் வந்தால் அப்படித்தான் மயக்கம் வரும் என்றாள். டிரைவர், மயக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, இந்த மண்ணுதான் சறுக்கிவிட்டது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீதானம்மா பின்னாடி வந்தே, மண்ணுலதானே சறுக்கிச்சி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஷேர் ஆட்டோவில் அவரை நான்தான் ஆம்பூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அவர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நன்றி சொன்னார். என் நம்பரை வாங்கிக்கொண்டார். மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு என்றார்கள். அக்கா இன்னொரு கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற மெஷினில் இருக்கிறவர். இரண்டு கையும் வேண்டும்.

வீட்டில் சொன்னேன். "நல்லதுக்குத்தானே சொன்னே, உடு" என்றார் என் வீட்டுக்காரர். என்னால் விட முடியவில்லை. வண்டியைத் தொடாமல் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர். நலம் விசாரித்துவிட்டு இழுத்து இழுத்து விஷயத்துக்கு வந்தார். யாரோ கூப்பிட்டார்கள் என்பதை அக்கா விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாருமே இல்லையே, யார் கூப்பிட்டிருப்பார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டதாம். அவருடைய அம்மா தர்காவில் மந்திரித்துக் கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டாராம். டாக்டரிடம் சொன்னதற்கு, இது வலிப்பின் ஆரம்பமாகவும் இருக்கலாம், விழுந்ததைப் பார்த்தவர்கள் இருந்தால் கேளுங்கள் என்றாராம்.

"நீதாம்மா பின்னாடி வந்தே. விழறதுக்கு முன்னாடியே அதுக்குத் தலை சாஞ்சிச்சா? கை கால் இழுத்திச்சா? மயக்கம் இல்லன்னு பேப்பர் குடுத்தாதான் மெஷின்ல உக்கார வெப்பாங்களாம். எதுக்கு ரிஸ்க்குன்னு நான் வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கெழம பாக்க வர்றாங்க."

"நான் சரியா கவனிக்கலண்ணா" என்றேன்.

எல்லாவற்றையும் கவனிக்கிற நான்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு டேபிளுக்குப் போனேன். அன்றைக்கு மதியம் சூப்பர்வைசர் ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கினது. விரலால் துடைத்துக் காட்டினார். தூசி. குறையே இல்லை. எனக்கு இது முதல் தடவை இல்லை. "சந்தேகம்னா ரெண்டு வாட்டி பாரு. நல்ல ஷூவுக்கு ஒட்டினா அதுவும் நஷ்டம்தான்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, ஸ்டிக்கரை உரித்து என் டேபிள் விளிம்பில் ஒட்டிவிட்டுப் போனார். ஷிப்ட் முடிகிறவரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். வாசலில் நீல ஸ்கூட்டர், பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றது. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மாவுக்கட்டு, வலது கையில் கறுப்புக் கயிறு. மாமியார் என்னைப் பார்த்ததும் புண்ணியவதி என்று சொல்லிக்கொண்டே டீ போடப் போனார். டீ வந்துவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு உங்களக் கூப்ட்டது நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது, துரத்தியது, கத்தியது, அது ஸ்டாண்டே இல்லை என்று அப்புறம் தெரிந்தது, தலையாட்டியது, போனில் பொய் சொன்னது. அவர் வீட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்கா கை காட்டி நிறுத்தினார்.

"இன்னான்னு கூப்ட்டீங்க?"

"அக்கா, ஸ்டாண்டுன்னு."

"இன்னொரு வாட்டி கூப்பிடுங்க. அன்னிக்கு மாதிரியே."

மெதுவாகச் சொன்னேன். சத்தமா என்றார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "இதே கொரல்தான். கேட்டியா? எந் தலையில ஒண்ணுமில்ல" என்றார். அப்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதார்.

அழுது முடித்துவிட்டு என்னைத் திட்டினார். நான் அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

"கத்தனது போவட்டும், யார்னா கத்துவாங்க. அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? இருவத்தாறு நாளு என்ன பாத்ரூமுக்குக்கூட தனியா உடல. புள்ள அம்மான்னு கூப்ட்டாகூட, நெஜமா கூப்பிடுதா, உள்ள கேக்குதான்னு பயந்து பயந்து திரும்பறேன்."

"எனக்கும் பயமா இருந்திச்சிக்கா" என்றேன்.

"அந்தப் பயத்ததான் எங்கிட்ட குடுத்துட்டுப் போய்ட்டீங்களே" என்றார்.

அவர் வீட்டுக்காரர் வெளியே போய், வண்டி பார்க்க வருவதாகச் சொன்னவருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். டாக்டரிடம் நீயே வந்து சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டார். மறுநாள் அரை நாள் லீவு போட்டுப் போய்ச் சொன்னேன். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர், "கடைசில சாட்சி சொல்லிட்டே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். நல்ல கையால் பெட்ஷீட்டின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்துக்குங்க. இப்ப ஸ்டாண்டு எறங்கித்தான் இருக்குது."

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தில் முன்பிருந்த கோபம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். நானும் வண்டியை எடுத்தேன். இப்போதும் கண் சும்மா இருக்காது. ஸ்டாண்டு இறங்கின வண்டியைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்தில் போய் ஒட்டுவதில்லை, கையை விடுவதில்லை. முதலில் அது ஸ்டாண்டுதானா என்று இன்னொரு தடவை பார்க்கிறேன். தள்ளியே வந்து, முன்னால் போகிறவர் வேகத்தடையிலோ சிக்னலிலோ மெதுவாகும்போது சொல்கிறேன். சில பேர் அதற்குள் வேறு ரோட்டில் திரும்பிப் போய்விடுவார்கள். அன்றைக்கு முழுக்க, அவர் என்ன ஆனாரோ என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். அது என்னோடு போகட்டும். என்னைப் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டாலும் ஓடுகிற வண்டியில் திரும்புவதில்லை. ஓரம் கட்டி, காலை ஊன்றிவிட்டுத்தான் திரும்புகிறேன்.

காலையில் சில நாள் அந்த நீல ஸ்கூட்டர் என்னைத் தாண்டிப் போகும். சின்னதாக இரண்டு ஹார்ன் அடிப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். நானும் கூப்பிட மாட்டேன். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், தப்பாகப் பார்த்துக் கத்தினதைக்கூட மன்னித்துக்கொள்ள முடிகிறது, அன்றைக்கு அந்த டிரைவருக்குத் தலையாட்டினதைத்தான் இன்னும் முடியவில்லை.