யோசனைக்காரருக்கு ஒரு கை காய்

சல்லடையின் கம்பிவலை ஒரு பக்கம் சட்டத்தை விட்டுப் பிரிந்திருந்தது. சுந்தரம்மாள் சட்டத்தை மடியில் சாய்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மகள் சந்திரவல்லி குறட்டால் வலையை இழுத்து ஆணி அடித்தாள். மத்தியான நேரம். காய் பொறுக்கும் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏலக்காய்க் கிட்டங்கியில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"இறுக்கிப் பிடிம்மா. தொய்வு விட்டா அளவு மாறிப்போகும்."

"பிடிச்சுத்தான இருக்கேன். நீ என் விரல்ல அடிச்சிராத. கரண்டாபீசு எஞ்சினீரு அடிச்ச ஆணின்னு ஊரெல்லாம் கட்டுப் போட்டுக்கிட்டு அலையணும்."

வல்லி சிரித்தாள். கடைசி ஆணியும் இறங்கியதும் சுந்தரம்மாள் வலையைச் சுண்டிப் பார்த்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டினாள். பிறகு, சல்லடையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வல்லி, அந்த யோசனைக்காரருக்கு நான் குடுத்த கையில ஏதும் குறையாத்தா?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவருக்குச் சோலி இருக்கும். நான் கேட்டுச் சொல்றேன்."

கேட்கவில்லை. அந்த மாதம் முடியுமுன்னே சுந்தரம்மாள் போய்ச் சேர்ந்தாள். கிட்டங்கியில் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாளாம். பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ராக்கு சொன்னாள்.

சுந்தரம்மாள் ராசிங்காபுரத்துக்காரி. நிலம் நீச்சு உள்ள வீட்டில் பிறந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில் கணவன் காய்ச்சலில் போனபோது வல்லி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கிட்டங்கியை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடச் சொல்லி அண்ணன்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டு, கை கழுவத் தண்ணீர் ஊற்றி, "காய்க்கு ஆம்பள கையி பொம்பள கையின்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டு அதே வண்டியில் திருப்பி அனுப்பினாள். மறுநாள் காலையில் கிட்டங்கியைத் திறந்து கணவன் உட்கார்ந்த இடத்தில் தான் உட்கார்ந்தாள்.

மலைமேல் சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள் ஜீப்பில் சாக்கு ஏற்றிக்கொண்டு இறங்கி வருவார்கள். சுந்தரம்மாள் காயை வாங்கி, காம்பு தேய்த்து, சலித்து, பெண்களை வைத்துப் பொறுக்கி வெளியூர் வியாபாரிகளுக்கு விற்பாள். அந்த வருமானத்தில்தான் வல்லி மதுரையில் எஞ்சினீரிங் படித்தாள். படிப்பு முடிந்து மின்வாரியத்தில் வேலை கிடைத்த அன்று, பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் சுந்தரம்மாள் அரை நாள் லீவு விட்டாள். ராக்கு கேட்டாளாம்: "மகளுக்கு வேலை கெடச்சா எங்க வேலையைப் பிடுங்குறியே ஆத்தா, இது என்ன நாயம்?"

அந்தக் கிட்டங்கியில் ஒரு வழக்கம் உண்டு. மாமனார் காலத்தில் ஏற்பட்டது. பேச்சு முடிந்ததும் சுந்தரம்மாள் நல்ல பச்சைக் காயாக ஒரு கை நிறைய அள்ளி எதிராளியிடம் நீட்டுவாள். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் குவியலில் போட்டால், பேச்சு இன்னும் இருக்கிறது. அத்தனையையும் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டால், வியாபாரம் ஆகிவிட்டது. அதற்கு மேல் காகிதமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. 'கை போடுவது' என்று அதற்குப் பெயர். போடிமெட்டுக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த கன்னையன் ஒரு தடவை காயை முடிந்துகொண்டு போன மறுநாள் விலை சரசரவென்று ஏறிவிட்டது. ஆனாலும் மூட்டையை இங்கேதான் கொண்டுவந்து இறக்கினார். "துண்டுல முடிஞ்சது போயி தொண்டையில முள்ளா நிக்கிது தங்கச்சி. எடு, வெரசா எடை போடு, மனசு மாறிரும்" என்று புலம்பிக்கொண்டே இறக்கினார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. வந்த கொஞ்ச நஞ்சக் காயும் வெளிறி வந்தது. சுந்தரம்மாளின் சரக்கில் பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கிறது என்று வியாபாரிகள் முகத்தைச் சுளித்தார்கள். அடுத்த தெருவில் பெரிய கிட்டங்கி வைத்திருந்த கோட்டைச்சாமி ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

"ஏந்தா, தனியா நின்னு எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டுவ? என் சரக்கோட சேத்து விடு. கமிசன் தர்றேன். நிம்மதியா இரு."

"நிம்மதியா இருந்து என்னண்ணே பண்றது? எனக்கு அது பழக்கமில்லையே."

சிரித்துத்தான் அனுப்பினாள். ஆனால் அந்த வாரம் ஊருக்கு வந்த மகளிடம் சிரிக்கவில்லை.

"கிட்டங்கி என் பேர்ல நிக்கணும்த்தா. எங்கேயோ தப்பு நடக்குது, எனக்குப் பிடிபடல. நீ ரெண்டு நாள் லீவு போட்டு வந்து பாரேன்."

"நான் படிச்சது கரண்டும்மா. வியாபாரத்துக்குன்னே படிச்ச ஆளுங்க இருக்காங்க. மதுரையில ராஜாராம்னு ஒருத்தர். சின்னச் சின்னத் தொழில் பண்றவங்களுக்கு யோசனை சொல்றதுதான் அவருக்கு வேலை."

"யோசனை சொல்றதுக்குக் கூலியா?"

"ஆமாம்மா."

சுந்தரம்மாள் பல நாள் இதையே மென்றுகொண்டிருந்தாள். பொறுக்கும் பெண்களிடமும் கேட்டாள். ராக்கு கையில் இருந்த காயைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எங்க வீட்டாளு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஓசியிலயே யோசனை சொல்லுறாரு. வேணும்னா ரெண்டு நாளைக்கு அனுப்பி வைக்கட்டுமா?" கிட்டங்கியே சிரித்தது. சுந்தரம்மாளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மகளுக்குச் சொல்லி அனுப்பினாள்: வந்து பார்க்கட்டும், ஆளைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

வல்லியே ராஜாராமைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிட்டங்கியில் நாற்காலி கிடையாது. வெள்ளைச் சட்டையோடு சாக்கு மேலேயே உட்கார்ந்தார். நிறையக் கேட்டார், கொஞ்சமாகப் பேசினார். எல்லாத் தோட்டத்துக் காயையும் ஒரே குவியலாகக் கொட்டுவதை நின்று பார்த்தார்.

"ஏம்மா எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுறீங்க?"

"எல்லாம் ஏலக்காதான சாமி."

"இருக்கலாம். ஆனா எந்தத் தோட்டத்துக் காய் வெளிறுதுன்னு அப்புறம் எப்படித் தெரியும்? நான் வர்றதா இருந்தா முதல்ல கேக்கிறது அதுதான். தோட்டத்துக்கு ஒரு கை, தனித்தனியா."

சுந்தரம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பின்பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு கை நிறைய அள்ளி வந்து நீட்டினாள். ராஜாராம் இரண்டு கையாலும் வாங்கினார். முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்து விரித்து, ஒன்று சிந்தாமல் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்து முடிந்து சட்டைப் பையில் வைத்தார்.

"ரொம்ப சந்தோசம்மா."

சுந்தரம்மாளின் முகம் மலர்ந்தது. அதை வல்லி பார்த்தாள்.

மதுரைக்குத் திரும்பும் ரயிலில் அவர் சொன்னார்: "அம்மா நல்லா யோசிக்கட்டும். நீங்க எதுவும் வற்புறுத்தாதீங்க. வேணும்னா ஒரு கார்டு போடச் சொல்லுங்க, வர்றேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சார், நீங்கள் பையில் வைத்திருக்கிறீர்களே, அதுதான் அம்மாவின் முடிவு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வல்லிக்கு வாய் வரவில்லை. நாலும் படித்த மனிதரிடம், எங்கள் கடையில் கையெழுத்து கிடையாது, காயை முடிந்தால்தான் ஒப்பந்தம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சரி சார்" என்றாள். பெட்டி முழுக்க அவர் சட்டைப் பையிலிருந்து வாசம் வந்துகொண்டிருந்தது. தேனி தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தாள். உசிலம்பட்டியும் தாண்டியது. பிறகு கடிதம் போடலாம் என்று நினைத்தாள். வேலை மாற்றி மேட்டூருக்குப் போட்டார்கள். நாள் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. எழுதவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால், பக்கத்தில் இருந்தும் நீ ஏன் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை என்று அம்மா கேட்பாள்.

கோட்டைச்சாமி மறுபடியும் வந்தது ராக்கு சொல்லித்தான் வல்லிக்குத் தெரியும். இந்தத் தடவை நல்லபடியாகவே கேட்டாராம், பங்கு கூட்டித் தருவதாக. ஆத்தா ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"'மதுரைக்காரருக்குக் கை போட்டாச்சுண்ணே. அவர் வர்றதுக்குள்ள நான் எடத்த மாத்துனா வார்த்தை என்ன ஆகுறது?'ன்னு சொல்லிருச்சு. அவரு துண்ட ஒதறிக்கிட்டுப் போயிட்டாரு."

அந்தப் பருவம் முழுக்கச் சுந்தரம்மாள் காத்திருந்தாள். பஸ் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்ப்பாளாம். வெள்ளைச் சட்டை யார் போட்டு வந்தாலும் எழுந்து நிற்பாளாம். ஒருவேளை கொடுத்த காய் மட்டமாக இருந்திருக்குமோ என்று பின்பக்கத்து மூட்டையைத் திரும்பவும் பிரித்து ராக்குவிடம் காட்டிக் கேட்டாளாம்.

காரியம் முடிந்ததும் வல்லி மதுரைக்குப் போய் ராஜாராமைப் பார்த்தாள். அம்மா இறந்ததைக் கேட்டு அவர் திகைத்துவிட்டார்.

"அடடா. நான் கார்டு வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மாவுக்கு வேண்டாம்போல, சொல்லச் சங்கடப்படுறாங்கன்னு நினைச்சேன். அருமையான காய். வீட்ல பாயசத்துக்குப் போட்டாங்க, தெருவே மணந்துச்சு."

வல்லி அப்போதுதான் சொன்னாள். ரயிலில் சொல்லியிருக்க வேண்டியது, அதே நாலு வார்த்தைதான். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று. கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"இப்பவும் வர்றேம்மா. கூலியெல்லாம் வேண்டாம். நீங்க சொல்லுங்க."

அவள் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

போடிக்கு வந்து கிட்டங்கியைத் திறந்தாள். ராக்கு கூடவே வந்தாள். கோட்டைச்சாமி விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார் என்று சொன்னாள். பிறகு, "இதப் பாத்தியா நீ?" என்று சுவர் மாடத்தைக் காட்டினாள்.

மாடத்தில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள் வரிசையாக இருந்தன. பழைய சேலைகளிலிருந்து கிழித்த துண்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்.

"தோட்டத்துக்கு ஒரு கை. அவரு கேட்டாருல்ல? பச்சை, குரங்கணிக் காயி. ஊதா, அதுக்கும் மேல. ஆத்தா நெறத்த வச்சே சொல்லிரும். அவரு வந்த ஒடனே எடுத்துக் குடுக்கணும்னு சேத்து வச்சுச்சு."

வரிசையின் கடைசியில் ஒரு துண்டு முடிச்சுப் போடாமல் மடித்து வைத்திருந்தது. அரக்கு நிறம். அதன் மேல் நூல்.

"இது?"

"கன்னையன் தோட்டம். அதுதான் பாக்கி. அந்தக் காயிலதான் கோளாறு இருக்கும்போல, நானே மேல போயி என் கையால அள்ளிட்டு வர்றேன்னு சொல்லிச்சு. ஜீப்புக்குக்கூடச் சொல்லி வச்சிருந்துச்சு."

வல்லி துண்டை எடுத்து விரித்தாள். தன் கல்லூரி விழாவுக்கு அம்மா கட்டிக்கொண்டு வந்த சேலை அது.

"ஜீப்புக்காரன் வந்தானா?"

"வந்தான். ஆத்தா சாஞ்ச அன்னிக்குக் காலையில வாசல்ல நின்னு ரொம்ப நேரம் ஆரன் அடிச்சான். உள்ள தூக்கிப் படுக்க வச்சிருந்தோம். நான்தான் போயி, ஆத்தா வரலன்னு சொன்னேன்."