ஆடிக்குள் முடிக்க வேண்டிய கேம்

என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன கேம் விளையாடுவீங்க?" என்பதுதான். கேட்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. படிப்பு, நட்சத்திரம், உயரம், குலதெய்வம் எல்லாவற்றையும் தரகர் முந்தின நாளே ஒப்பித்துவிட்டார். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்கின் நிழலில், தனியாகக் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களை அனுப்பியிருந்தார்கள். கீழே அவருடைய அம்மாவும் தாய்மாமனும் கேசரியை முடித்துவிட்டு பஜ்ஜிக்கு வந்திருப்பார்கள்.

மாப்பிள்ளைகள் மேல் எனக்கு மரியாதை போய் ரொம்ப நாளாகியிருந்தது. கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். மாவட்டத்திலுள்ள பாதி ஸ்டூடியோக்காரர்கள் படத்தை என்னிடம்தான் அனுப்புவார்கள். ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டியே முப்பதைத் தாண்டிவிட்டேன். தாலி கட்டுவதற்கு முன்னால் கொட்டாவி விட்ட மாப்பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கொட்டாவிகளை வெட்டி எறிந்தவளே நான்தான்.

இவர் குளத்தூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். என் கேள்விக்கு அவர் திடுக்கிடவில்லை. "ரோல் பிளேயிங்தாங்க பிடிக்கும்" என்றார். திடுக்கிட்டது நான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாமே ஒரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ வேஷம் கட்டிக்கொண்டு, வழியில் அகப்படுகிறவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் உலகத்தைக் காப்பாற்றுகிற விளையாட்டுக்குத்தான் அந்தப் பெயர். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு அதில் பைத்தியம். வெளியில் சொன்னால் பைத்தியம் என்பதை நிஜமாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாங்களோ சண்டை போட்டோம். அவருக்குப் புதிய கேம்கள்தான் உசத்தி. தூரத்தில் ஒரு மலை தெரிந்தால் நடந்தே போய் அதன் உச்சியில் நிற்கலாமாம், வழியில் பார்க்கிற ஒவ்வொருவரும் வாய் திறந்து பேசுவார்களாம். எனக்குப் பழசுதான் உயிர். கட்டை விரல் அளவு மனிதர்கள், கட்டம் கட்டமான ஊர், முறை வைத்துப் போடுகிற சண்டை. நாம் ஓர் அடி கொடுத்தால் எதிரி நின்று வாங்கிக்கொண்டு, அவன் முறை வரும்போதுதான் திருப்பி அடிப்பான்.

"ரேஷன் கடை க்யூ மாதிரி நின்னு சண்டை போடுறதெல்லாம் ஒரு சண்டையாங்க?" என்று கேட்டார்.

"ஒங்க கேம்ல மூக்கு எப்படி இருக்கணும், முடி எப்படி இருக்கணும்னு முடிவு பண்ணவே ஒரு பொழுது போயிருமாம்ல?" என்றேன் நான்.

சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் அம்மா மேலே வந்தார். கொடியில் துணியே இல்லை.

இறங்குவதற்குள் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தோம். என் பழைய கேமை அவர் கடைசிவரை விளையாட வேண்டும், அவருடைய புதுக் கேமை நான் விளையாட வேண்டும், அதற்கப்புறம் பேசலாம். அதைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் நானே சொன்னேன். தரகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் பஜ்ஜியைக் கீழே வைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"ஆடிக்குள்ள முடிஞ்சிருமா?"

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார்கள். ஆனி முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கீரனூரில் இன்னொரு பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள் என்றும், இங்கே ஆகாவிட்டால் தான் அங்கே கைநனைத்துப் பேச்சை முடித்துவிடுவேன் என்றும் தாய்மாமன் ஒளிக்காமல் சொன்னார். போனால் போகட்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

என் பழைய கேமுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. அவர் அதைக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக்கொண்டார். ஆள் வராத நேரத்தில் விளையாடிவிட்டு வாட்ஸ்அப்பில் குறை சொல்லுவார். "நாலடி வைக்கிறதுக்குள்ள ஒரு சண்டை வருதுங்க. பேதி மாத்திரை வாங்க வந்தவர நிக்க வச்சிட்டு வௌவால அடிச்சிக்கிட்டு இருக்கேன்." இன்னொரு நாள், "ஒங்க குகைக்குள்ள ஒரே கருப்புங்க. சித்தன்னவாசல் மாதிரி செவுத்துல ஒரு படமாச்சும் வரைஞ்சிருக்கக் கூடாதா?"

எனக்குக் கோபம் வந்தது. அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நானும் அதை மறுபடி விளையாட உட்கார்ந்தேன். அதில் எனக்கு நிரம்பப் பிடித்த ஒரு இடம் உண்டு. பாலம் இடியும்போது ஒரு சிப்பாய் தன் தம்பியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். அவன் திரும்பிப் பார்ப்பதும், பேசுவதும், அழுவதும் எனக்கு மனப்பாடம். "அந்த எடத்துக்கு வாங்க, அப்பறம் சொல்லுங்க" என்று அவரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது. சிப்பாய் அசையவில்லை. அவன் தலைக்கு மேல் மூன்று புள்ளி வந்தது. பாலம் இடிந்தது, அவ்வளவுதான். பேசியது, அழுதது எல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "பாலம் வந்துருச்சுங்க. ரொம்ப கஷ்டமா இருந்துச்சு." மூன்று புள்ளிக்கா என்று கேட்டேன். "ஆமாங்க, அவன் என்ன சொல்ல வந்தான்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன்" என்றார். அப்போதுதான் கீரனூர்ப் பெண் என்கிற ஒருத்தி இருப்பது என்னை உறுத்த ஆரம்பித்தது.

அவருடைய புதுக் கேமைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் முழுக்க மூக்குக்குத்தான் போனது. உலகம் அழியப்போகிறது என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டார்கள். நானோ வழியில் எவர் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு, ஒருவருக்கு மூலிகை பறிக்கவும் இன்னொருவருக்குக் காணாமல் போன ஆட்டைத் தேடவும் அலைந்தேன். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பட்டியல் நீண்டுகொண்டே போனது, உலகம் பொறுமையாகக் காத்திருந்தது. ஆனால் இரவானால் கூட்டாளிகள் தீ மூட்டி உட்கார்ந்து பேசுவார்கள். அதில் ஒருத்தியிடம் நான் ஒரு தடவை வெடுக்கென்று பேசிவிட்டேன். மறுநாள் சண்டையில் அவள் என்னைக் காப்பாற்றினாள், ஆனால் பேசவில்லை. என் பழைய கேமில் யாரும் என்னோடு இப்படிக் கோபித்துக்கொண்டதில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இதற்கு நடுவே அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கேமில் நான் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து, அலமாரியைத் திறந்து, இருந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"கூப்புடாத வீட்டுக்குள்ள போயி அலமாரியத் தொறக்குற! மாப்பிள்ளை இதப் பாத்தா என்ன நெனப்பாரு?"

"அவரும் இதத்தாம்மா பண்ணுவாரு."

"அப்ப அவுக வீட்டுல சாமானெல்லாம் நெறைய இருக்கும்" என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த கூத்து, இரண்டு அம்மாக்களும் இதை டிவி சீரியல் போலத் தொடர ஆரம்பித்தது. காலையில் பால் காய்ந்ததும் என் அம்மா குளத்தூருக்குப் போன் போடுவார். "மாப்பிள்ளை எங்கிட்டு வரைக்கும் போயிருக்காருங்க?" அந்தப் பக்கத்து அம்மா கடைக்குப் போய் விசாரித்து வைத்திருப்பார். "ஆத்துக்கு அங்கிட்டு ஒரு பேயி நிக்கிதாம் சம்மந்தி, அத அடிச்சாத்தான் படகு குடுப்பானாம்." சம்மந்தி என்ற சொல் எப்போது உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பேயை அடித்த அன்று அம்மா பாயசம் வைத்தார்.

ஆனி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் கடைசிக் கோட்டையின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். உள்ளே போய் அசுரனை அடித்தால் கதை முடிந்தது. அவர் போகவில்லை. மறுநாளும் வாசலிலேயே நின்றார். கேட்டால், "லெவல் பத்தலைங்க" என்றார். அவர் அனுப்பிய படத்தில் எனக்கே தெரிந்தது, அந்த லெவலுக்கு அசுரனைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். வேண்டாம் என்று சொல்ல மனமில்லாதவர்கள்தான் எங்கள் ஊரில் இப்படி இழுத்தடிப்பார்கள். அவர் எனக்கு வேண்டும் என்பது, அவர் நழுவுகிறார் என்று தோன்றிய பிறகுதான் எனக்கே சரியாகத் தெரிந்தது.

அம்மாக்கள் இருவரும் பொறுமை இழந்து, காலண்டரைப் பார்த்து ஒரு நல்ல நேரம் குறித்துவிட்டார்கள். ஆடி பிறப்பதற்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள், காலையில் அசுரனை அடிப்பது, அப்படியே இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லிக்கொள்வது. அசுரவதத்துக்கு முகூர்த்தம் பார்த்த முதல் குடும்பங்கள் நாங்களாகத்தான் இருப்போம். குளத்தூர்க் கடையில் தாய்மாமன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடியோவில் காட்டினார். இங்கே அம்மா விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்பா எப்போதும்போல் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

அவர் கோட்டைக்குள் போனார், நன்றாகவே அடித்தார். அசுரன் பாதிக்கு வந்தபோது கடையில் மின்விசிறி நின்றது. "இன்வெர்ட்டர் இருக்கு" என்று தாய்மாமன் பெருமையாகச் சொன்னார். திரை அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. விளையாடிக்கொண்டிருந்தவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குனிந்தார், கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். அசுரனும் நாங்கள் வளர்த்த வீரர்களும் ஒன்றாகப் போனார்கள். அந்தக் கோட்டைக்குள் நடுவில் சேவ் செய்ய முடியாது.

"கையாலேயே அணைச்சிட்டானே!" என்றது தாய்மாமனின் குரல். போன் கட்டானது.

அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல காரியத்துக்கு நடுவுல வெளிச்சம் போனா அதுக்கு மேல பேசக் கூடாது" என்றார்.

"குளத்தூர்ப் பக்கம் இன்னைக்குப் பராமரிப்புப் பணி, கரண்ட் இருக்காதுன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே" என்றார் அப்பா.

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலையே."

மதியத்துக்குள் தரகர் போன் செய்து, அந்தப் பக்கமும் சகுனம் சரியில்லை என்று பேச்சை நிறுத்துகிறார்கள், தாய்மாமன் நாளைக் காலை கீரனூர் போகிறார் என்றார். அம்மா அழுதார். கரண்ட் போவதெல்லாம் சகுனமென்றால் இந்த மாவட்டத்தில் ஒருத்தருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது என்று கத்தினேன். கரண்ட் போனது என்னைப் பயமுறுத்தவில்லை. அவர் குனிந்ததுதான் பயமுறுத்தியது. வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது, எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, "ஏன் அணைச்சீங்க?" என்று மட்டும் அனுப்பினேன்.

பதில் வந்தது. "இன்வெர்ட்டர் பேட்டரி பழசுங்க, கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் தாங்கல. ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் இருந்துச்சு. இந்தப் பக்கம் வேற கடை இல்ல. கேமு போனதுக்கு மன்னிச்சிருங்க."

அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் குளத்தூரில் இறங்கினேன். பெண் வீட்டிலிருந்து பெண்ணே போய்க் கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. தாய்மாமன் கிளம்புவதற்குள் சேர வேண்டும் என்ற பதற்றத்தில் வழக்கம் நினைவுக்கு வரவில்லை. கடையில் கூட்டம். கையில் மருந்துச் சீட்டோடு ஒரு பெரியவர், இருமிக்கொண்டே ஒரு அம்மா. அவர்களுக்குப் பின்னால் நானும் நின்றேன். என் முறை வந்தபோது அவர் நிமிரவில்லை.

"என்ன வேணும்ங்க?"

"நீங்கதாங்க" என்றேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை. "கம்ப்யூட்டர அணைச்சீங்கல்ல, அப்பவே நான் முடிவு பண்ணியிருக்கணும். எனக்குச் சம்மதம். ஒங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிருங்க, இழுக்காதீங்க."

இருமிய அம்மா இருமலை நிறுத்திவிட்டார். கல்லாவில் நின்றவர் கையிலிருந்த மாத்திரை அட்டை நழுவி விழுந்தது.

"இழுத்தது அதுக்கில்லைங்க" என்றார். "கோட்டைக்குள்ள போயிட்டா கேமு முடிஞ்சிரும். அப்பறம் ஒங்களுக்கு மெசேஜ் அனுப்ப என்ன சாக்கு இருக்குன்னு தெரியல."

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் காய்ச்சல் மாத்திரை கேட்டார். "சித்த இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கல்லாவுக்கு மறுபக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு முக்காலி. அதைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார்.

"வாங்க, உள்ள வந்து உக்காருங்க. நான் நின்னுக்கிறேன்" என்றார்.