துரை இழுத்த பாரங்கள்

பழுதான வாகனம் இழுக்கிற தொழிலில் இருப்பவனை ஒருவரும் நல்ல முகத்தோடு கூப்பிடுவதில்லை. எங்களைத் தேடி வருகிறவர் சட்டையெல்லாம் கிறீஸாகி, வெயிலில் நடந்து களைத்து, தன் வாகனத்தை ஏசி முடித்து, அதை விற்றவனையும் ஏசி முடித்துவிட்டுத்தான் வருவார். ஏசுவதற்கு மிச்சமிருப்பது நாங்கள் மட்டுந்தான்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது, கொண்டுபோக ஏலாத சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். அதில் பின்பக்கம் ஒரு சின்னக் கிறேனும் கம்பிவடம் சுற்றுகிற உருளையும் பூட்டிய கிழட்டு லொறி ஒன்றை நானும் கிண்ணியாக் காசிம் நானாவும் கூட்டாக எடுத்தோம். நான் சாரதி. என்னைவிட மூத்தவரான நானாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கயிறு, கொளுக்கி, முடிச்சு எல்லாம் அவர் பொறுப்பு. துரைமார் விட்டுப்போன வண்டி என்பதால் ஊர்ச்சனம் அதற்குத் ‘துரை’ என்றே பெயர் வைத்துவிட்டது. துரைக்குக் காலையில் எழும்ப மனமிருக்காது. முன்னால் இரும்புப் பிடியைச் செருகி, தோள் கழன்று போகும்வரை சுழற்ற வேண்டும். ஏற்றத்தில் இருமும், இறக்கத்தில் பிறேக் பிடிக்க யோசிக்கும். பழைய வாகனம் வைத்திருந்து பட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நீங்கள் எல்லாரும் எங்கட ஆட்கள்.

இழுபட்டு வந்த மாப்பிள்ளை

ஒருநாள் இறக்கக்கண்டியில் சாமான் இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பி வருகிறோம். உப்புவெளி தாண்டி நிலாவெளிக்குப் போகிற றோட்டில், பூமாலை கட்டிய கார் ஒன்று எஞ்சின் மூடியைத் திறந்தபடி நின்றது. பக்கத்தில் பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், பெயர் தருமலிங்கம், நாற்பது தாண்டிய மனிதர். நிலாவெளியில் பொம்பிளை வீடு, முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நானா தேங்காய்நார் வடத்தை எடுத்துக்கொண்டு இறங்க, மாப்பிள்ளையின் அக்கா குறுக்கே வந்து நின்றுவிட்டார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தெடுத்தவர் அவர்தான். “கலியாணக் காரைக் கயித்தில கட்டி இழுக்கிறதோ? சகுனமே சரியில்லை. திரும்பிப் போவம், வேறை நாள் பாப்பம்” என்றார். முன்பும் இரண்டு சம்பந்தம் இப்படித்தான் சகுனம் பார்த்துத் தட்டிப்போனதாம், காரோட்டி வந்த மச்சான்காரன் என் காதில் சொன்னான்.

தருமலிங்கம் அக்காவுக்கு எதிர்க்கதை கதைத்து அறியாதவர் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு, “அக்கா, நீங்கள் வேணுமெண்டால் திரும்பிப் போங்கோ. நான் இழுபட்டெண்டாலும் போறன்” என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். அக்கா வந்து காருக்குள் ஏறி அவர் பக்கத்தில் இருந்தார். நான் முட்டை ஏற்றிய வண்டிபோல ஓட்டினேன். மேளம் எங்களுக்காகக் காத்திருந்தது, தாலியும் ஏறியது.

பிற்பகல் பொம்பிளையோடு வெளிக்கிட்டு வந்தபோதும் கார் அதே கார்தான். பழுதும் அதே பழுதுதான். பொம்பிளை ஒரு பள்ளிக்கூட ரீச்சர். தருமலிங்கம் வியர்த்து விறுவிறுத்து, தான் பிந்தி வந்த காரணத்தையும், இனி எப்படிப் போகப்போகிறோம் என்பதையும் அவவுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். அந்த ரீச்சர்ப் பிள்ளை குனிந்து, காருக்கு முன்னால் நானா போட்ட முடிச்சைப் பார்த்தது. வகுப்பில் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டது:

“வரேக்கை கயிறு அறுந்துபோகேல்லைத்தானே? அது போதும். ஏறுங்கோ.”

தங்கம்மாவின் அலுமாரி

தங்கம்மா என்ற அம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் உவர்மலையில், இளையவர் உப்புவெளியில். இருவருக்கும் பல வருடமாகக் கதைபேச்சு இல்லை. மாரி தொடங்கினால் அம்மா மூத்தவர் வீட்டுக்குப் போவார். மழை விட்டால் இளையவர் வீட்டுக்கு வருவார். எங்கே போனாலும் அவருடைய முதிரை மர அலுமாரியும் கூடவே போகும். துரைக்கு அது நிரந்தர வேலை. அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து, பள்ளம் வரும்போதெல்லாம் “மெல்ல, மெல்ல” என்று அலுமாரிக்காகச் சொல்லுவார். அவர் முதுகு நோவதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த அலுமாரியைத் தூக்க நானாவும் நானும் வீட்டுக்கார மகனுமாக மூன்று பேர் வேண்டும். ஒருமுறை நானாவுக்கு நாரி பிடித்து, இடுப்பை வளைத்துக் குனிய ஏலாமல் லொறிக்குள் இருந்துவிட்டார். உவர்மலையில் பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுத்தார். உப்புவெளியில் இறக்க யார்? மூத்தவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். தம்பியின் படலைக்குள் அவர் கால் வைத்ததும் தம்பி மறுபக்கம் பார்த்தார். அலுமாரியை ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தம்பி, கீழே நான். வாசல் ஒடுக்கம். பேசாமல் எத்தனை தூரந்தான் தூக்கலாம்? நடுவாசலில் அலுமாரி சரிந்தது. “டேய், பிடிச்சிருக்கிறியோ?” என்று அண்ணன் கத்தினார். “ஓம் அண்ணை, பிடிச்சிருக்கிறன். நீங்கள் காலைப் பாருங்கோ” என்றார் தம்பி.

வைத்து முடிந்ததும் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். தம்பியின் மனைவி குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தா, தம்பி கதிரையை இழுத்துப் போட்டார், அண்ணன் இருந்தார். நான் மெதுவாக லொறிக்குத் திரும்பினேன். தங்கம்மா பின்னாலேயே படலைவரை வந்து, உள்ளே கேட்காதபடி என்னிடம் சொன்னார்:

“தம்பி, நானாவுக்கு நாரி சுகம் வந்தாலும் அடுத்த மாரிக்கு வரேலாதெண்டு சொல்லச் சொல்லுங்கோ.”

மாட்டுக்கு விருந்தாளி

மூதூரில் அறுவடைக் காலம். வயற்கரையிலிருந்து நெல் ஏற்ற எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பாதை என்கிற மிதவைத் தெப்பங்களில் ஏறி இறங்கி, ஆறு ஆறாகக் கடந்து துரையைக் கொண்டுபோனோம். மூட்டை அடுக்கி வெளிக்கிட்டவுடன் பின் சில்லு இரண்டும் சேற்றுக்குள் இறங்கிவிட்டன. ஊரிலுள்ள வாகனங்களையெல்லாம் இழுத்த துரையை இழுக்க அந்த வெளியில் ஒரு வாகனமும் இல்லை. நாங்கள் வருமுன் அந்த வயல் நெல்லை ஏற்றியவர் மஜீது காக்கா என்ற மாட்டுவண்டிக்காரர். அவர் சிரித்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ தன் மச்சானையும் அயலவர்களின் மாடுகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூட்டைகளை இறக்கி மேட்டில் வைத்துவிட்டு, மாடுகளைச் சோடி சோடியாகப் பூட்டினார். தன் மாடுகளின் காதுக்குள் என்னவோ சொன்னார். துரை முனகிக்கொண்டு மேலே வந்தது, மூட்டைகளைத் திரும்ப ஏற்றினோம்.

நாங்கள் எப்படி இதற்குக் கைமாறு செய்வது என்று நானா கேட்டார். காக்கா வெட்கப்பட்டு, தான் ஒருநாளும் லொறியின் முன்சீட்டில் இருந்ததில்லை என்றார். ஆற்றுத்துறைவரை கூட்டிக்கொண்டு போகிறோம் என்று ஏற்றினோம். மச்சான் மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். காக்கா முன்னுக்குப் பார்த்தது கொஞ்சநேரந்தான். பிறகு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் என் தோளைத் தொட்டார்:

“போதும் தம்பி, எறக்கி உடுங்க. மாடு ரெண்டும் என்னத் தேடும்.”

வளவுக்குள் வந்த வள்ளம்

பெரிய புயல் அடித்து ஓய்ந்த பிறகு எங்களுக்கு ஓய்வே இல்லை. றோட்டுக்குக் குறுக்கே தென்னைகள், கூரையில்லாத வீடுகள். இறக்கக்கண்டியில் மீன்பிடிக்கிற சீனித்தம்பி வந்து, தன் வள்ளத்தைக் கடல் தூக்கிக்கொண்டுபோய்த் தூரத்தில் ஒரு வீட்டு வளவுக்குள் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த வள்ளம் திரும்பக் கடலில் இறங்கினால்தான் அவர் வீட்டில் உலை. துரையைக் கொண்டுபோனோம். வள்ளம் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் செருகிக் கிடந்தது. அதன்மேல் தென்னங்கிடுகு போட்டிருந்தது. விளிம்பில் பிள்ளைகளின் உடுப்புக் காய்ந்தது.

வளவுக்காரி பூமணி வெளியே வந்தா. கடல் வளவுக்குள் ஏறிய நேரம் புருசன் கூலிவேலைக்குப் போன இடத்தில். மூன்று பிள்ளைகளோடு அவ தனிய. கழுத்தளவு தண்ணியில் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வெறும் வள்ளமொன்று வந்து மரத்தில் இடித்து நின்றிருக்கிறது. ஒவ்வொன்றாக ஏற்றி, தானும் ஏறியிருக்கிறா. தண்ணி வடிந்தபோது வீட்டுக்குச் சுவர் மட்டுந்தான் மிச்சம். அன்றிலிருந்து அவர்களுடைய வீடு வள்ளந்தான். “உங்கட வள்ளம். கொண்டுபோங்கோ. பிள்ளையளை இறக்கிப்போட்டு வாறன்” என்றா. சீனித்தம்பி கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். “இண்டைக்கு வேண்டாம்” என்று எங்களைத் திருப்பிவிட்டார்.

அடுத்தநாள் விடிய அவரே தன் ஆட்களோடு வந்து நின்றார். விழுந்த தென்னைகளைத் துரை இழுத்து வந்தது. நானா நாள் முழுக்க முடிச்சுப் போட்டார். சிலதைச் சீவிப் பூமணி வீட்டுக் கூரைக்கு வளையாக்கினார்கள், மிச்சத்தை வள்ளத்துக்கு உருளையாக அறுத்தார்கள். கிடுகு வேய்ந்து, பிள்ளைகள் வீட்டுக்குள் போன பிறகுதான் வள்ளத்தில் கொளுக்கி மாட்டினோம். கடற்கரைவரை பூமணி கூடவே நடந்து வந்தா. வள்ளத்தின் முன் அணியம் தண்ணியைத் தொட்ட நேரம், பஸ்ஸால் இறங்கினவர் சாரதிக்குச் சொல்வதுபோல அதைத் தட்டிச் சொன்னா:

“பிள்ளையள் இறங்கியாச்சு. இனி நீ கவனமாப் போ.”

இப்படி ஊரிலுள்ள அத்தனை பேரையும் அவரவர் போகவேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த எனக்கு, என் மனைவி இன்றுவரை தந்துகொண்டிருக்கிற ஒரே பட்டம் ‘சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேராத மனிசன்’ என்பதுதான்.