அடுப்புக்குப் பத்தடி தள்ளி

தெருவில் யார் துடைப்பத்தை எடுத்தாலும் லீலாவுக்குத் தெரிந்துவிடும். கழுத்தில் மப்ளரோடு வாசற்படியில் வந்து நின்று, போக்குவரத்துக் காவலர் மாதிரி வலக்கையை உயர்த்துவாள். "தண்ணி தெளிச்சிட்டுப் பெருக்கும்மா. நீ கெளப்புற புழுதி உன் வூட்டுக்குப் போவாது, நேரா என் நெஞ்சுக்குத்தான் வரும்." எதிர்வீட்டுச் சந்திரம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தேடப் போவாள். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் புழுதி பறக்கவும் லீலாவின் அனுமதி வேண்டும்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம்தான் எங்கள் தெரு. லாரிப் புகை, செங்கல் சூளைப் புகை, மார்கழிப் பனி மூன்றும் கூட்டணி வைத்துக்கொண்டு விடியற்காலையில் உள்ளே வரும். அப்போது லீலாவுக்கு இழுப்பு தொடங்கும். சென்ற வருடம் அவள் பஸ்ஸில் இழுத்த இழுப்பைக் கேட்டு, வண்டியில் ஏதோ பழுது என்று ஓட்டுநர் இறங்கிப்போய் என்ஜினைத் திறந்து பார்த்தார். நம்பாதவர்கள் டீக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

மற்ற பெண்கள் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். லீலா மூச்சைப் பார்த்துப் பொறாமைப்படுவாள். மறைமலை நகர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து குறட்டை விடும் புருஷனையும் அவள் விட்டுவைப்பதில்லை. "வாயத் தொறந்துகினு தூங்குறாரு பாரு. காத்து இன்னா இவுங்க அப்பன் வூட்டுச் சொத்தா?" ஏரிக்கரையில் எருமை ஒன்று பெருமூச்சு விட்டபோது, அதைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்ததை நானே கண்டேன்.

ஆனால் எருமையும் புருஷனும் சில்லறைப் பகை. பெரிய பகை, அதே வீட்டில் இருக்கும் ஓரகத்தி எழிலரசி. லீலாவின் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மூன்று வருடத்துக்கு முன் வந்தவள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வருவாள். பாட்டும் நிற்காது, தண்ணீரும் தளும்பாது. "நெஞ்சா அது, கொல்லன் துருத்தி" என்பாள் லீலா. அவள் வாயிலிருந்து எழிலரசிக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இதுதான்.

இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருடக் கிறிஸ்துமஸ் அந்தப் பொறாமைக்கு நெய் வார்த்தது. கிறிஸ்துமஸுக்குத் தெரு முழுக்க அவர்கள் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு போகும். அதில் அச்சு முறுக்கு இல்லாமல் இருக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைச் சுட்டது லீலாதான். "லீலா வூட்டு முறுக்கு" என்று யாரும் சொல்வதில்லை, "லீலா முறுக்கு" என்றுதான் பெயர். நவம்பரில் ஒரு மோசமான இழுப்புக்குப் பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: விறகடுப்புக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும், எண்ணெய்ப் புகை ஆகவே ஆகாது. மாவில் தோய்த்து எண்ணெயில் முக்கும் அந்த இரும்புப் பூ அச்சு எழிலரசியின் கைக்குப் போயிற்று. பெயரும் போய்விடுமோ என்று லீலாவுக்குத் தூக்கம் போயிற்று.

மற்றபடி சொன்னதையெல்லாம் செய்தாள். பரணிலிருந்து காகித நட்சத்திரத்தை இறக்கும்போது மூக்கில் ஈரத்துணி. குடிக்க வெந்நீர். சுருக்குப் பையில் நீல நிற இன்ஹேலர். அதை மட்டும் யார் கண்ணிலும் காட்டமாட்டாள். "அது கடைசி கட்டத்துல குடுக்குற மருந்துன்னு ஊர்ல பேசுவாங்க" என்று குளியல் தடுக்குக்குப் பின்னால் போய்த்தான் இழுப்பாள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் என்பதை நான் அவளிடம் சொன்னதில்லை.

முறுக்கு சுடும் நாளன்று, முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு, ஈரத்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எழிலு, அச்சு காய்ஞ்சிதா?"

"காய்ஞ்சிதுக்கா. மாவு வுட மாட்டேங்குது."

"லேசா ஆட்டு. தானா உழும்."

விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. எழிலரசி கரண்டிக் காம்பால் சுரண்டச் சுரண்ட, எண்ணெயில் தூள் மிதந்தது. துண்டுக்கு மேலே தெரிந்த லீலாவின் கண்களில் கிறிஸ்துமஸ் அன்றைக்கே வந்துவிட்டது.

"எங்க, எடுத்தா பாப்போம்."

எழிலரசி கொண்டுவந்த அச்சு, வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளத்தது. கண்களிலிருந்த பண்டிகை அணைந்தது.

"இன்னாடி பண்ண இத?"

"சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ச்சேன்கா. பழைய எண்ண காறல் நாத்தம் வந்துச்சி. உனக்கு ஆவாதேன்னுதான்."

இத்தனை வருடமாக அந்த இரும்பில் லீலா தண்ணீர் பட விட்டதில்லை. துணியால் துடைத்து எடுத்து வைப்பாள். ஊறிப்போன அந்த எண்ணெய்தான் மாவை விடுவிக்கும்.

"என் நெஞ்சுக்காவத் தேய்ச்சியா? இல்ல, என் பேர அழிக்கத் தேய்…"

மீதி வார்த்தைக்கு மூச்சு இல்லை. தோள்கள் ஏறின, கழுத்துக்குழி உள்ளே போயிற்று. எழிலரசி தேடவில்லை, கேட்கவில்லை. லீலாவின் இடுப்பிலிருந்த சுருக்குப் பைக்குள் கைவிட்டு நீல மருந்தை எடுத்தாள்.

"முன்னால சாஞ்சி உக்காருக்கா. பேசாத. இத எங்க வச்சிருக்கன்னு எனக்கு வந்த வருசமே தெரியும். யாராண்டயாவது சொன்னனா?"

மூச்சு திரும்பியதும் லீலா நன்றி சொல்வாள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு லீலாவைத் தெரியாது. "எண்ணெயில ஊறப் போடு. நாளைக்குக் காய வச்சி, மறுபடி எண்ண தடவு" என்றாள், முருங்கை மரத்தைப் பார்த்து. மறுநாள் எழிலரசி சுட்டவை தும்பைப் பூவாய் உதிர்ந்தன. லீலா ஒன்றைக் கடித்துப் பார்த்து, "எள்ளு ஜாஸ்தி" என்றாள். பிறகு இன்னும் மூன்று தின்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று தட்டுகள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சந்திரம்மாள் வாசலுக்கு வந்தாள். நானும் தற்செயலாக, அதாவது காது கொடுக்க, அங்கே நின்றேன்.

"இன்னா லீலா, போன வருசத்த வுட மொறுமொறுன்னு கீது. உன்னத்தான் அடுப்பாண்ட போவக் கூடாதுன்னுட்டாங்களே, யாரு சுட்டது?"

கதவுக்குப் பின்னால் எழிலரசி நின்றாள்.  லீலா சட்டென்று சுருக்குப் பையை அவிழ்த்து, தெரு பார்க்க நீல மருந்தை வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இழுத்தால் சற்று நேரம் மூச்சை அடக்கித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் யாரும் பேசச் சொல்ல முடியாது. சந்திரம்மாள் வாய் பிளந்து காத்திருந்தாள். உதட்டை இறுக்கி, கண் பிதுங்க நின்ற லீலா, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டித் துழாவி, எழிலரசியின் முந்தானையைப் பிடித்து, அவளை வாசலுக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.